டிக்கெட் இல்லாத கரண்ட்

கண்டக்டரம்மாவின் வாய் சும்மா வாய் இல்லை. அவளுக்குச் சோறு போட்ட வாய். காலையிலிருந்து இருட்டும் வரை "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் அப்படியே கெடக்கு" என்று கத்திக் கத்தியே பிழைத்தவள். அந்த வாய்தான் கடைசியில் அவளையே கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அவளும் அவள் புருஷன் டிரைவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். சண்டை போட்டது அந்தப் பஸ்ஸில், சமாதானம் ஆனது அந்தப் பஸ்ஸில், கல்யாணம் பேசி முடித்ததும் அந்தப் பஸ்ஸில்தான். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற கையோடு டிப்போக்காரர்கள் அந்தப் பஸ்ஸுக்கும் ஓய்வு கொடுத்து ஏலத்தில் விட்டார்கள். டிரைவர் வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. போனார், எடுத்தார், ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். வெளியே வந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் சுத்தியல் சத்தம்தான். சீட்டுகள் எல்லாம் இறங்கின. பின்பக்கம் கட்டில் ஏறியது. நடுவில் அடுப்பு மேடை, ஒரு குட்டி பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, ஜன்னலோரமாக மடக்கு மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு. கூரை மேல் சோலார் தகடுகள். கட்டிலுக்கு அடியில் கன்றுக்குட்டி கனத்தில் இரண்டு பேட்டரிகள். தலைமாட்டில் ஒரு சின்ன மீட்டர். பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுப்போகும் என்பதால், அந்த இடம் வந்ததும் பீப் பீப் என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் தானே அணைத்துவிடும்படி எலக்ட்ரீஷியன் வைத்துக் கொடுத்திருந்தான்.

"இனிமே நமக்கு வாசல்னு ஒண்ணு கெடையாதும்மா. பிடிச்ச எடத்துல நிப்போம், பிடிக்கலன்னா கெளம்புவோம்" என்றார் டிரைவர். முகமெல்லாம் பல்.

கண்டக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஆயுசு பூரா இந்த டப்பாவுக்குள்ள நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு. மறுபடியும் இதுக்குள்ளயே குடித்தனமா? நல்லா இருக்கே கதை!"

அன்றைக்குப் பார்த்து அவளுடைய தம்பியும் வந்திருந்தான். செடி நாற்றுப் பண்ணை வைத்திருப்பவன். பஸ்ஸைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவன் கண் அதன் மேலேயே இருந்தது. உள்ளே தட்டு அடித்து, தொட்டிச் செடிகளை அடுக்கி, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கலாம் என்று மனக்கோட்டை. "மாமா, உங்களுக்கு இது சரிப்பட்டு வராது. எனக்குக் குடுத்துடுங்க" என்று பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவள் வாயை விட்டாள். "சரிங்க. மூணு ராத்திரி. ஆள் அரவம் இல்லாத எடத்துல போய் நிப்போம். அந்தப் பேட்டரிய வச்சே சமாளிச்சுக் காட்டுங்க. வெளக்கு ஒரே ஒரு தடவை அணைஞ்சாலும் வண்டி என் தம்பிக்கு. இஞ்சின ஓட்டி சார்ஜ் ஏத்துற வேலையெல்லாம் வச்சுக்கக் கூடாது."

தம்பி கபக்கென்று பிடித்துக்கொண்டான். "அக்கா சொன்னா சொன்னதுதான். மாமா, சரிதானே?" டிரைவர் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையாட்டினார். அந்த மனிதர் சொன்ன சொல் மாறாதவர். ஒரு நிறுத்தத்தில் நிற்பேன் என்றால், ஏற ஒரு குருவி கூட இல்லாவிட்டாலும் நின்றுவிட்டுத்தான் போவார்.

இப்படியாக ஒரு ஏரிக்கரை. சுற்றிலும் மரம். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு கம்பம் கிடையாது, ஒரு கம்பி கிடையாது. ஏரியின் அக்கரையில் மட்டும் நாலைந்து கூரைகள் சின்னதாகத் தெரிந்தன. டிரைவர் பஸ்ஸின் மூக்கைத் தண்ணீர்ப் பக்கமாக வைத்து, இன்னும் நாலு அடி போனால் நனையும் என்கிற இடத்தில் நிறுத்தினார். வழக்கம்போல முன் கண்ணாடிக்குத் திரையை இழுத்து விட்டார். கண்டக்டரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படுத்தாள்.

மறுநாள் காலையில் எழுந்து, டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வெளியே பார்த்தாள். டீ ஆறிப்போயிற்று.

என்ன ஆயிற்று என்றால், ஒன்றுமே ஆகவில்லை. ஏரி இருந்தது. மேலே பனி மூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. அவ்வளவுதான். ஆனால் இந்தப் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே இதெல்லாம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இத்தனை வருஷமும் அவள் பார்த்ததெல்லாம் கைகள்தான். சில்லறை நீட்டும் கை, கம்பியைப் பிடித்த கை, டிக்கெட் எடுக்காமல் மறைத்துக்கொள்ளும் கை. "பாலம் இறங்கு, பாலம் இறங்கு" என்று தினமும் பத்துத் தடவை கத்தியிருக்கிறாள். பாலம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. "தோப்பு" என்று கத்தினாள். என்ன தோப்பு? மாந்தோப்பா, தென்னந்தோப்பா? சத்தியமாகத் தெரியாது. உட்கார்ந்திருந்தால் அல்லவா தெரியும்!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே மரங்கள். பின்பக்கம் ஓடினாள். அங்கே வந்த பாதை, சிவப்பாக, வளைந்து, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதை எங்கே போகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த பாதையையும் பார்க்க வேண்டும். தான் கூவிய ஊர் அத்தனையையும் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்தப் பஸ் வேண்டும், வேண்டும், வேண்டவே வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போதுதான் தன் வாய் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். நேற்று மாலை தொண்ணூற்றுச் சொச்சம் காட்டியது, இப்போது அறுபதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆனால் அவள் கௌரவம் என்ன ஆவது! "என்னத்தப் பிடிக்குது. ராத்திரி பூரா முதுகு வலி. கொசு வேற" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டிரைவர் தன் சீட்டில் போய் உட்கார்ந்து டீயைக் குடித்தார்.

அன்றிலிருந்து பஸ்ஸுக்குள் ராஜ்ஜியம் மாறிவிட்டது. பேட்டரிக்குக் காவல் கண்டக்டரம்மாதான். பிரிட்ஜை ஒரு தடவை திறந்தால் அந்தக் குளிர் வெளியே போய், மறுபடி குளிர வைக்க அது கரண்டைக் குடிக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "என்ன வேணும்? பாலா? முட்டையா? மொதல்ல யோசிங்க. யோசிச்சிட்டுத் தெறங்க. தெறந்து வச்சுக்கிட்டு யோசிக்காதீங்க!" என்று பின்னாலேயே நின்று விரட்டினாள். போனுக்குச் சார்ஜ் வெயில் உச்சியில் இருக்கும்போது மட்டும். தண்ணீர் மோட்டாரைப் போடாமல் தொட்டியில் குவளை விட்டு மொண்டாள். மின்விசிறியா? மூச்! ஏரிக்காற்றுக்கு என்ன குறை? டிரைவர் ரேடியோவில் கைவைத்தால் தொண்டையைச் செருமுவாள், அவர் கையை எடுத்துக்கொள்வார்.

மதியம் அவள் பின்பக்க ஏணியில் ஏறிக் கூரைக்கே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் பஸ்ஸின் தலையில் அவள் ஏறியதில்லை. சோலார் தகடுகள் மேல் வழித் தூசி விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. போதாக்குறைக்கு மரத்துப் பறவைகள் தங்கள் பங்கையும் போட்டிருந்தன. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய துண்டை நனைத்து, தேய் தேய் என்று தேய்த்தாள். "இப்ப எவ்வளவு?" என்று மேலிருந்து கத்துவாள். "எழுபத்தஞ்சு" என்று உள்ளிருந்து டிரைவர் பதில் கொடுப்பார். இன்னொரு தகட்டைத் துடைப்பாள். கொஞ்சம் பொறுத்து, "இப்ப?" "எண்பதுக்குப் பக்கம்." அவள் கூரை மேலேயே ஒரு குதி குதித்தாள். பஸ் ஆடியது. "ஏம்மா, எறங்கி வா, கூரை உள்ள வந்துடப் போவுது" என்று டிரைவர் அலறினார். அவள் ஏன் இறங்குகிறாள்? ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஊரில் அவளைத் தெரிந்தவர் யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாலையில் மீட்டர் தொண்ணூறு காட்டியது. ஒரே ஒரு சின்ன விளக்கு, அதுவும் சாப்பிடுகிற வரை. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தார்கள். இவ்வளவு சிக்கனத்துக்கு ஐந்து குறையுமா? பத்து? அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

காலையில் மீட்டர் அறுபத்திரண்டு.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது அநியாயம். கண்டக்டர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு மூக்கு உண்டு. தலையை எண்ணிப் பார், டிக்கெட்டை எண்ணிப் பார். கணக்கு உதைத்தால், எங்கேயோ ஒருவன் டிக்கெட் எடுக்காமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அவனை எப்படிப் பிடிப்பது? கூட்டத்தில் கண்டபடி தேடினால் கிடைக்க மாட்டான். கடைசி சீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக முன்னுக்கு வர வேண்டும். அவளும் அப்படியே செய்தாள். கட்டிலுக்கு அடியில் ஆரம்பித்தாள். படிக்கும் விளக்கு, அணைந்திருக்கிறது. மின்விசிறி, அணைந்திருக்கிறது. மோட்டார், பிரிட்ஜ், அடுப்பு மேடை விளக்கு, ரேடியோ. ஒவ்வொன்றையும் தொட்டு, தட்டி, "நீ எடுத்துட்டியா? நீ?" என்று கேட்காத குறை. டிரைவர் சீட்டு வரை வந்துவிட்டாள். எல்லாம் யோக்கியம். ஒருவரும் திருட்டுத்தனமாகக் குடிக்கவில்லை. மீட்டரும் பகலில் ஒழுங்காகத்தான் ஏறியது. ராத்திரி மட்டும் யாரோ வாயை வைத்து உறிஞ்சுகிறார்கள்.

"பேட்டரி பழசா இருக்குமோ?" என்றாள், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"புதுசும்மா."

"எனக்கென்ன வந்துச்சு. சும்மா கேட்டேன்."

டிரைவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவள் கண் மறுபடியும் மீட்டருக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக அப்படித்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், தலை வாரும்போது பார்த்தாள். அவர் ஏதாவது பேசினால் "ம்" என்பாள், கண் அங்கேயே இருக்கும். அவர் எழுந்து போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

அன்றைக்கு மூன்றாம் நாள். வானமும் காலை வாரிவிட்டது. காலையிலிருந்தே மப்பு. மதியத்துக்கு மேல் ஏரி முழுக்கச் சாம்பல் நிறமாகி, பட்டப்பகலிலேயே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. தகடுகளை இரண்டு முறை துடைத்தாள். சூரியனே இல்லாதபோது கண்ணாடியைத் துடைத்து என்ன பண்ணுவது! மதியம் அறுபத்தைந்து வரை தட்டுத் தடுமாறி ஏறிய நம்பர், அதற்குமேல் ஏற மாட்டேன் என்றது. ஏறாவிட்டாலும் பரவாயில்லை, இறங்க ஆரம்பித்தது. இந்த ஒரு ராத்திரி. இந்த ஒரே ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் பஸ் நம்முடையது. அவள் பிரிட்ஜையே அணைத்தாள். உள்ளே இருந்த முட்டைகளை மொத்தமாக அவித்து, பாலைக் காய்ச்சி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, கெட்டுப் போயிடும்" என்று டிரைவருக்கு ஊட்டாத குறையாகத் திணித்தாள். மனிதர் ஐந்தாவது முட்டைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படியும் நம்பர் இறங்கியது. ஐம்பத்தைந்து. ஐம்பது.

அந்த நேரம் பார்த்துத் தம்பியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கினவன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான்.

"நாளைக்குக் காலையில முடிவு தெரியப் போவுது. அதான், இன்னைக்கே வந்து கூட இருந்து பாத்துடலாம்னு" என்று பல்லைக் காட்டினான். உள்ளே ஏறினான், மீட்டரைப் பார்த்தான். "அட, நாப்பத்தாறு! காலை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" டேப்பைச் சர்ரென்று இழுத்து ஜன்னலோரம் வைத்து அளந்தான். "அக்கா, கொஞ்சம் எந்திரி. இந்த நாற்காலி, மேஜை எல்லாம் எடுத்துட்டா இந்த ஓரமா நாலு தட்டு வரும். ரோஜாவெல்லாம் இங்க வச்சிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "மேஜையத் தொட்டேன்னு வையி, டேப்ப வாங்கிக் கழுத்துல சுத்திவிட்டுடுவேன்" என்றாள். தம்பி சிரித்தான். அக்காவுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நாற்பத்து நான்கு. அவளுக்கு உள்ளே இருக்க முடியவில்லை. படியில் இறங்கி வந்து நின்றாள். இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. அப்போது ஏரியைச் சுற்றி வரும் ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் வருவது தெரிந்தது. ஒருவர் இருவர் இல்லை, ஒரு வரிசையே வந்தது. தலையில் கூடை, தோளில் மூட்டை, கையில் பை. முன்னால் வந்தவள் ஒரு தக்காளிக் கூடையைச் சுமந்தபடி மூச்சு வாங்க ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏம்மா! வண்டி கெளம்பிடலையே?" என்றாள் அந்தத் தக்காளிக்காரி.

"எந்த வண்டி?"

"நல்லா கேட்டீங்க! இந்த வண்டிதான். மூணு நாளா பாக்குறோம்ல. மொத நாள் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அக்கரையில பஸ் நிக்குதுன்னு. கனவு கினவு கண்டியாடின்னாரு. நேத்தும் நின்னுச்சு. சந்தைக்கு பஸ் விடுங்க, பஸ் விடுங்கன்னு எத்தன வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கோம்! கடைசியில விட்டுட்டாங்க பாருங்க. காலைச் சந்தைக்கு இப்பவே போய்ப் படுத்துட்டா நல்ல எடம் கெடைக்கும்னு எல்லாருமா கெளம்பிட்டோம்."

"சந்தைக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

தக்காளிக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "போர்டுல போட்டிருக்கே. அம்மாம் பெரிய எழுத்து, பளபளன்னு எரியுது."

கண்டக்டரம்மா ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு ஓடினாள். பஸ்ஸின் மூக்குப் பக்கம் சேறு. செருப்பு அதில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸின் நெற்றியில் 'சந்தை' என்று மஞ்சளாக ஜொலித்தது. பழைய காலத்துக் குண்டு பல்புகள், வரிசையாக ஆறு. ஒவ்வொன்றும் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து அக்கரை வரை நெளிந்தது. உள்ளே இருக்கும் அத்தனை விளக்கையும் குறைந்த கரண்டில் எரியும்படி மாற்றிய எலக்ட்ரீஷியன் இந்த ஆறு பேரை மட்டும் மறந்துவிட்டான். உள்ளே திரை போட்டிருந்தது, எதிரே தண்ணீர். அக்கரைக்காரர்களைத் தவிர வேறு யார் கண்ணுக்கு இது தெரியும்?

"அடப் பாவிகளா!" என்று கத்தினாள் கண்டக்டரம்மா. "இங்கயாடா உக்காந்திருக்கீங்க! ஆறு பேரு! ஆறு பேரும் டிக்கெட் எடுக்காம!" தண்ணீரில் நின்றபடியே கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வரிசையில் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டிரைவரே! டிரைவரே! ஓடி வாங்க! பிடிச்சுட்டேன்! கள்ளனப் பிடிச்சுட்டேன்!"

டிரைவர் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் டேப்போடு தம்பி. டிரைவர் போர்டைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் ஆச்சரியம் ஒரு துளி இல்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"கேக்குறேன்ல? தெரியுமா தெரியாதா?"

"மொத ரெண்டு நாளும் சத்தியமா தெரியாதும்மா. பொழுது சாயும்போது சீட்டுல உக்காந்தா, கை தானா போய் போர்டு சுவிட்சப் போட்டுடுது. விடிஞ்சதும் தானா அணைச்சுடுது. எத்தன வருஷத்துப் பழக்கம். இன்னைக்கு மப்பு, விடிஞ்ச மாதிரியே இல்ல. காலையில நீ தேடித் தேடி அலைஞ்சதுக்கப்புறம் அங்க போய் உக்காந்தப்பத்தான், சுவிட்சுக்குப் போன என் கையவே நான் பாத்தேன். தொட்டுப் பாத்தா பெட்டி கொதிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அணைச்சேன்."

"இப்ப எரியுதே?"

அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"யோவ், இப்ப எரியுதேய்யா!"

"நான்தான் போட்டேன்" என்றார் டிரைவர். "மத்தியானமே போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

தக்காளிக்காரி கூடையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள்.

"முதுகு வலின்னு சொன்ன. கொசுன்னு சொன்ன. எந்நேரமும் அந்த மீட்டரையே பாத்துக்கிட்டு இருந்த. எப்படா எறங்கும், எப்படா வீட்டுக்குப் போவோம்னு நீ பாக்குறேன்னு நெனச்சேன். உன் வாயாலேயே பந்தயம் கட்டிட்ட, உன்னால போகலாம்னும் சொல்ல முடியாது. என் ஆசைக்காக உன்ன எத்தன நாள் இதுக்குள்ள போட்டு வதைக்கிறது? அதான், சீக்கிரமா அணைஞ்சு தொலையட்டும்னு..."

அவள் வாயைத் திறந்தாள். ஆயுளில் முதல் தடவையாக வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

உள்ளே பீப் பீப் என்றது. போர்டு அணைந்தது. படி விளக்கு அணைந்தது. ஏரியில் நெளிந்த மஞ்சளும் போயிற்று. வரிசையிலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்தது.

"அணைஞ்சிடுச்சு!" என்று தம்பி துள்ளினான். "அக்கா, அணைஞ்சிடுச்சு! எல்லாரும் பாத்தீங்கல்ல? சாட்சிக்கு இத்தன பேர் இருக்காங்க. மாமா, சொன்ன சொல்லு!"

"சொன்னா சொன்னதுதான் மாப்ள" என்றார் டிரைவர். பைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்தார்.

கண்டக்டரம்மா தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரையேறினாள். நேராக வந்து அந்தச் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சொன்னது யாரு? நான்தானே? நான்தான் சொன்னேன், நானே மாத்திச் சொல்றேன். தர மாட்டேன்."

"அக்கா, இது ஞாயமா?"

"ஞாயம் இல்லடா! யாரு ஞாயம்னு சொன்னா? போ, ஊர் பூரா போய்ச் சொல்லு, எங்கக்கா பேச்சு மாறினவன்னு சொல்லு. மானம் போனா போவுது." அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. "முதுகும் வலிக்கல, ஒரு மண்ணும் வலிக்கல. பொய்யி. மீட்டர ஏன் பாத்தேன்னு நெனச்சீங்க? எறங்கிடக் கூடாதே, எறங்கிடக் கூடாதேன்னு பாத்தேன்யா! இத்தன வருஷம் இந்த வண்டியில நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஜன்னலோரம் உக்காந்ததில்ல. இப்பத்தான் உக்காந்தேன். அதுக்குள்ள என்ன எழுப்பி விடப் பாக்குறீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு?"

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் டிரைவர். "அஞ்சு முட்டை தின்னேனே..." என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். அவளுக்கு அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

தம்பி டேப்பைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா இப்படி அழுது அவன் கண்டதில்லை. "அப்ப என் ரோஜாவெல்லாம்?" என்று முனகிக்கொண்டே டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான்.

"ஏம்மா" என்றாள் தக்காளிக்காரி தயங்கித் தயங்கி. "உங்க வீட்டு விஷயம் எதுவோ, எங்களுக்கு வேணாம். ஆனா போர்டு அணைஞ்சிடுச்சே. அப்ப வண்டி போவாதா? நாங்க திரும்பி நடக்கணுமா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். இது சர்வீஸ் வண்டி இல்லை, இது நாங்கள் குடியிருக்கிற வண்டி, எங்களுக்குள் நடந்த குழப்பத்தில் எரிந்த போர்டு என்று எப்படிச் சொல்வது? அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள். இஞ்சினுக்கு என்று தனிப் பேட்டரி இருந்தது, அது முழுசாக இருந்தது. வண்டி ஓடினால் மற்ற பேட்டரியும் தானாக ஏறிக்கொள்ளும். இனி எந்தப் பந்தயம் தடுக்கிறது?

கண்டக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாவியை டிரைவர் கையில் வைத்து அழுத்தினாள். படியில் ஏறி நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"போவும் போவும்! ஏன் போவாது? இன்னைக்கு டிக்கெட் கெடையாது, எல்லாரும் என் விருந்தாளி. கூடையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. அடுப்புல இடிச்சுக்காதீங்க. பெரியவரே, மெத்தையில உக்காருங்க, பரவால்ல. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் அப்படியே கெடக்கு! டேய் தம்பி, நின்னு என்ன பாக்குற? மூட்டையப் பிடிச்சு ஏத்துடா!"

தம்பி மூட்டையைப் பிடித்தான். ஜனங்கள் பேச்சும் சிரிப்புமாக ஏறினார்கள். தக்காளிக்காரி பிரிட்ஜைத் தடவிப் பார்த்து, "அரசாங்கம் ரொம்பத்தான் வசதி பண்ணிக் குடுத்திருக்கு" என்று வியந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒரு இருமலோடு பிடித்துக்கொண்டது. வண்டி உறுமிக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்தில் உள்விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. உள்ளே இருந்தவர்கள் ஹோவென்று கத்தினார்கள்.

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரும்பி, கூட்டத்துக்கு மேலே அவளைத் தேடினார்.

"ஏம்மா, இவங்களச் சந்தையில எறக்கிட்டு அப்புறம் எங்க? வீட்டுக்கா?"

"வீட்டுலதாங்க இருக்கோம்" என்றாள் கண்டக்டரம்மா. "வண்டிய எடுங்க."